சமையல் வழியாக வரலாறு: ஏழாம் வகுப்புக்கு ஆறு சனிக்கிழமைகள், என்ன சமைக்கலாம்?

கோத்தகிரி டீச்சர்:

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் வீதம் ஆறு வகுப்புகள் கிடைக்கின்றன. சமையல் வழியாக வரலாறு சொல்லித்தர அனுமதி வாங்கியாயிற்று. 28 பிள்ளைகள். கையில் இருப்பவை: இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பு, ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, மிக்சி, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் ஒரு கல் உரல். காஸ், விறகு இரண்டுக்கும் அனுமதி இல்லை.

எது வேண்டாம் என்பது தெளிவாகத் தெரியும். 'பாரம்பரிய உணவுத் திருவிழா' என்று பேனர் கட்டி, சங்க காலத் தினைப் பாயசம் என்று பெயர் வைத்து, அதில் முந்திரியை வறுத்துப் போட்டு போட்டோ எடுப்பது வேண்டாம். முந்திரி போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது என்பது அந்தப் பேனருக்குக் கீழே நிற்பவர்கள் யாருக்கும் உறைக்காது.

எந்தப் பண்டத்தைச் சமைத்தால் எந்த வரலாறு வெளியே வரும்? இந்த மலைக்கே உரியதாக இருந்தால் நல்லது. வகுப்பில் படுகர் வீட்டுப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள், கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். செய்முறை, அளவு, எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாமைக்காடு:

டீச்சர், ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வி, ஒரு கேள்விக்கு இரண்டு சட்டி. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே பண்டத்தை 'அது வருவதற்கு முன்', 'அது வந்த பின்' என்று இரண்டு விதமாகச் சமைத்தால்தான் பிள்ளைகளுக்குக் காலம் நாக்கில் தெரியும். ஒரு சட்டி மட்டும் வைத்தால் அது சமையல் வகுப்புதான்.

முதல் வகுப்புக்கு அவரைக் குழம்பு வையுங்கள். படுகர் வீடுகளில் உதக்க என்று சொல்வார்கள், பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பண்டம். காய்ந்த அவரைக்கொட்டை அரைக் கிலோ, முந்தைய நாள் மதியமே ஊறப்போட்டுவிடுங்கள். நம் குளிரில் எட்டு மணி நேரம் பத்தாது. உப்பு, புளி இல்லாமல் குக்கரில் வேகவைத்து இரண்டாகப் பிரியுங்கள். முதல் சட்டியில் சின்ன வெங்காயம் 100 கிராம், சீரகம் ஒரு தேக்கரண்டி, நெல்லிக்காய் அளவு புளி, பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி. இரண்டாவதில் அதே வெங்காயம், சீரகம், ஆனால் காய்ந்த மிளகாய் எட்டு, தக்காளி மூன்று, உருளைக்கிழங்கு இரண்டு. எது எது என்று சொல்லாமல் ஆளுக்கு இரண்டு கரண்டி கொடுத்து, எந்தச் சட்டி 500 வருஷத்துக்கு முன்னால் சாத்தியம் என்று கேளுங்கள்.

மிளகாய், தக்காளி, உருளை மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு திறந்த கடல்வழியில்தான் இவை இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் தேடி வந்த மிளகு முதல் சட்டியில் இருக்கிறது, கூடவே கொண்டுவந்தது இரண்டாவதில் இருக்கிறது. இதைப் பலகையில் எழுதுவதற்கு முன் அவர்களே வாயால் சொல்லும்வரை பொறுங்கள்.

சொதப்பும் இடங்கள் இரண்டு. புளியை முதலிலேயே ஊற்றினால் கொட்டையின் தோல் இறுகி எவ்வளவு நேரம் போனாலும் வேகாது. மிளகுப் பொடியை முதலிலேயே போட்டால் வாசனை போய் வெறும் காரமும் கசப்பும்தான் மிஞ்சும், இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போதும்.

இரண்டாவது வகுப்புக்கு அந்த உரலை விடாதீர்கள். உமியோடு உள்ள சாமை ஒரு கிலோ வாங்குங்கள், கடையில் கிடைக்கும் தீட்டிய சாமை இதற்கு ஆகாது. காலையில் வெயிலில் நன்றாகக் காயவைத்து, அரைக் கிலோ எடை போட்டு உரலில் கொட்டி, ஆளுக்கு 30 குத்து என்று மாற்றி மாற்றிக் குத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முறத்தில் புடைத்து மறுபடி உரலுக்கு. கடைசியில் கிடைப்பதை எடை போட்டால் 300 கிராம் சுற்று வரும். அவசரப்பட்டு ஓங்கி ஓங்கிக் குத்தினால் பாதி நொய்யாகிவிடும், அதையும் தனியாக எடை போடுங்கள். பிறகு கணக்கு: ஆளுக்கு 75 கிராம் என்றால் 28 பேருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு இரண்டு கிலோவுக்கு மேல். அதைக் குத்த எத்தனை மணி நேரம்? தினமும் யார் குத்தினார்கள்? ரேஷன் அரிசி வந்ததும் சாமை ஏன் அவ்வளவு சீக்கிரம் அடுப்பை விட்டுப் போயிற்று என்பதற்குப் பாதிப் பதில் அந்த முறத்திலேயே இருக்கிறது. சிறுதானியத்தின் பெருமையைப் பேசும் யாரும் உலக்கையைப் பற்றிப் பேசுவதில்லை.

சோறாக்க ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி, இறக்கிப் பத்து நிமிடம் கிளறாமல் விட வேண்டும். கரண்டி போட்டால் களியாகிவிடும்.

பழைய ஏடு, குன்னூர்:

சாமைக்காடு சொன்ன இரண்டு சட்டி முறையை அப்படியே அரிசிக்கும் கொண்டுபோகலாம். குன்னூரிலேயே நடந்த வரலாறு இது, பாடப் புத்தகத்தில் வராது.

இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கியது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில்தான். 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய அங்கே உட்கார்ந்தார். 1928இல் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்கரிசன் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்கள் சாப்பிடுவதைக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி சாப்பிட்ட சீக்கியர் உணவுக் குழு நன்றாக வளர்ந்தது. தீட்டிய அரிசியை நம்பிய மதராசி உணவுக் குழு கடைசி.

வகுப்பில் எலி வேண்டாம். தலா 200 கிராம் கைக்குத்தல் அரிசி, புழுங்கல் அரிசி, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. ஒவ்வொன்றையும் 300 மில்லி தண்ணீரில் கழுவி, கழுநீரைக் கண்ணாடி டம்ளர்களில் பிடித்து வரிசையாக வையுங்கள். தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் தீட்டும்போது பெரும்பாலும் போய்விடுகிறது, மிச்சத்தில் ஒரு பகுதி கழுநீரோடு போகிறது. புழுங்கலில் நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால் மில்லில் தீட்டினாலும் கணிசமாக நிற்கிறது. தீட்டிய பச்சரிசியே பெரும்பாலும் உண்ட வட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி பரவி, புழுங்கல் சாப்பிட்ட தெற்கில் அவ்வளவு இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். ஒன்று எச்சரிக்கை: கழுநீரின் வெண்மை மாவுச்சத்து, வைட்டமின் கண்ணுக்குத் தெரியாது. அதிக வெள்ளை என்றால் அதிகச் சத்து போயிற்று என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், அங்கேயே திருத்துங்கள்.

நேரம் இருந்தால் புழுக்கிக் காட்டலாம். அரைக் கிலோ நெல்லைக் கை பொறுக்காத வெந்நீரில் போட்டு இரவு முழுக்க மூடிவைத்து, மறுநாள் இட்லிச் சட்டியில் துணி விரித்து உமி வெடிக்கும்வரை அவிக்க வேண்டும், 20 நிமிடம் ஆகலாம். நிழலில் உலர்த்தி அடுத்த வாரம் உரலில் போடலாம். நேர் வெயிலில் காயவைத்தால் அரிசி விரிசல் விட்டு உடையும்.

'அப்படியானால் நம் சாப்பாடு மோசமா சார்?' என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். எலிக்குக் கொடுத்தது பாலும் பருப்பும் காயும் மிகக் குறைவாக இருந்த தட்டு. அந்தத் தட்டில் இருந்தது தமிழரின் சமையல் அல்ல, அன்றைய வறுமை. பிரிட்டனின் ஏழைகள் சாப்பிட்ட வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட தேநீரையும் அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவையும் நோஞ்சானாகவே வளர்ந்தன. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாடம் தப்பான பக்கம் சாயும்.

உருளைமேடு, ஊட்டி:

உருளைக்கு ஒரு வகுப்பு தனியாக வேண்டும். 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். உருளை, முட்டைக்கோஸ் மாதிரி 'இங்கிலீஷ் காய்கள்' நீலகிரியில் வேர்பிடித்தது அந்தக் காலத்தில். ஆனால் அவரோடு கதையை முடிக்காதீர்கள், தொடங்கவும் தொடங்காதீர்கள். அவருக்கு வழிகாட்டியவர்களும், பிறகு தலைமுறை தலைமுறையாக விளைவித்தவர்களும் இங்கே இருந்தவர்கள்தான்.

தொடக்கம் ஆண்டிஸ் மலை. அங்கே உருளையை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் உருகியதும் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றிக் காயவைத்து 'சுன்யோ' என்று ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள். இன்காக்களின் களஞ்சியங்களில் இது இருந்தது. இங்கே ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் உறைபனி விழுந்தாலும் ஒரே இரவில் கிழங்கின் நடுவரை உறையாது, ஃப்ரீசர்தான் வழி. எலுமிச்சை அளவுக் கிழங்கு ஒரு கிலோ, தோலோடு. இரவு ஃப்ரீசர், காலையில் வெயிலில் வைத்து உருகியதும் துணிப்பையில் போட்டு அமுக்கிப் பிழிவது, மறுபடி இரவு ஃப்ரீசர். மூன்று சுற்று. பிறகு ஐந்தாறு நாள் நல்ல வெயில். கடைசியில் கால் கிலோகூட நிற்காது, தக்கை மாதிரி இருக்கும். ஊறவைத்துக் குழம்பில் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்வதல்ல, ஒரு பேரரசு பஞ்சத்துக்கு எப்படித் தயாராக இருந்தது என்பதற்காக. ஜனவரி, பிப்ரவரி விட்டால் இதை இங்கே செய்யாதீர்கள். மூட்டத்தில் காயாமல் பூஞ்சை பிடிக்கும், பிடித்ததைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அடுத்த பாதி அயர்லாந்து. 1845இல் உருளைச் செடிக்குப் பின்கருகல் நோய் வந்து ஒரே ரகத்தை நம்பியிருந்த நாட்டில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே கருகல் இங்கே மழை மூட்டத்தில் எப்படி இலையைக் கருக்குகிறது என்று உருளை போடும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களைச் சொல்லவிடுங்கள். 1961இல் நீலகிரியில் உருளையின் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் முத்தோரை உருளை ஆராய்ச்சி நிலையம் இன்றைக்கும் அதோடு மல்லுக்கட்டுகிறது. அதனால் ஒரு கறாரான விதி: வயலிலிருந்து மண்ணோடு வரும் கிழங்கைப் பள்ளித் தோட்டத்தில் நடாதீர்கள். புழுவின் கூடு மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். பச்சை பாரித்த கிழங்கு சமையலுக்கும் ஆகாது.

கைமடிப்பு:

தேயிலையை யாரும் தொடவில்லையே! கேத்தியில் 1830களில் சோதனையாக நட்டது, 1850களுக்குப் பிறகு எஸ்டேட்டாகப் பரவியது. சாமையும் கொரலி என்ற சிறுதானியமும் இருந்த சரிவுகளில் பிறகு சிறு விவசாயிகளும் நட்டார்கள். வகுப்பில் கையால் ஒரு கைப்பிடித் தூள் செய்துவிடலாம், அடுப்புகூடக் கடைசியில்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அரைக் கிலோ கொழுந்து. மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தோட்டக்காரரிடம் கேட்டு, காத்திருப்புக் காலம் முடிந்த செடியில் மட்டும் எடுங்கள். செய்தித்தாளில் வேண்டாம், மை ஒட்டும், வெள்ளைத் துணியில் மெல்லியதாகப் பரப்பி இரவு முழுக்க வாடவிடுங்கள். காம்பை மடித்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். ஒடிந்தால் உருட்டும்போது இலை தூளாகிவிடும். சனிக்கிழமை காலை கைகளைக் கழுவி, சுத்தமான பாயில் வைத்து 20 நிமிடம் அழுத்தி உருட்டினால் சாறு கசிந்து கை ஒட்டும். ஈரத்துணி மூடி இரண்டு மணி நேரம் வைத்தால் செம்பு நிறம் வரும். நம் குளிரில் அறை 15 டிகிரி இருந்தால் வராது, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் மேல் வையுங்கள். பிறகு கனமான வாணலியில் சிறுதீயில் கிளறிக்கொண்டே மொறுமொறுப்பு வரும்வரை உலர்த்த வேண்டும். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே ஈரம் நிற்கும், இரண்டு நாளில் புளித்த வாசனை வரும். வகுப்பு இரண்டு மணி நேரம் என்பதால் உருட்டுவதைக் காலை முதல் வேலையாக, பள்ளி தொடங்கும் முன்னமே ஒரு குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.

எடை போடுங்கள். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது ஃபேக்டரிக் கணக்கு. உங்கள் அரைக் கிலோ 110 கிராம் சுற்று வரும். கொழுந்துக்குக் கிலோ என்ன விலை, கடைத் தூளுக்குக் கிலோ என்ன விலை என்று பிள்ளைகளே விசாரித்து எழுதட்டும். பல வீடுகளில் ராத்திரி பேசப்படும் விஷயம் அது.

இதோடு சேர்த்து ரொட்டியும் சம்பலும். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது, 1976இல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கோதுமை மாவு நான்கு கப், துருவிய தேங்காய் இரண்டு கப், உப்பு, தண்ணீர் ஒன்றேகால் கப்பில் தொடங்கிப் பார்த்துச் சேர்க்கவும். 20 நிமிடம் ஊறிய பிறகு கையால் தடிமனாகத் தட்டி, மிதமான சூட்டில் சுட வேண்டும். சம்பலுக்குத் தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்சை. உரலில் இடிப்பதே சரி, மிக்சியில் அரைத்தால் சட்னி ஆகிவிடும். மாசி போடாமலே செய்யுங்கள், மீன் சாப்பிடாத பிள்ளைகள் இருக்கலாம்.

'சிலோன்காரர் யார் யார், கை தூக்குங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் டீச்சர். சொல்ல விரும்பும் பிள்ளை ரொட்டி வாசனையிலேயே பேச ஆரம்பிக்கும்.

சாமைக்காடு:

கைமடிப்பு சொன்ன கடைசி விஷயத்தை ஒட்டி ஒன்று. தோடர், கோத்தர், படுகர், குறும்பர் இடையே நடந்த பண்டமாற்றை வகுப்பில் விளையாட்டாக வைக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். நல்ல யோசனைதான். தோடர் அட்டைக்கு வெண்ணெயும் மோரும், படுகர் அட்டைக்குச் சாமையும் கீரையும், கோத்தர் அட்டைக்குச் சட்டியும் கத்தியும், குறும்பர் அட்டைக்குத் தேனும் கூடையும். எந்தக் குழுவும் தனியாக ஒரு வேளைச் சாப்பாடு ஆக்க முடியாது என்பது தானாகத் தெரியும். ஆனால் இரண்டு நிமிடத்தில் அது சந்தைக்கடை ஆகிவிடும், 'ஒரு கரண்டி வெண்ணெய்க்கு மூணு படி' என்று பேரம் பேச ஆரம்பிப்பார்கள். அந்த உறவு பேரம் அல்ல. குடும்பத்துக்குக் குடும்பம் வழிவழியாக வந்தது, கொடுத்தது அன்றே திரும்பவும் வேண்டியதில்லை. ஆகவே யாருக்கு யார் கூட்டாளி என்பதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள், விலை பேசக் கூடாது என்பது விதி. அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள், பிறந்த வீட்டை வைத்துக் குழு பிரிக்கவே கூடாது. வேஷமும் வேண்டாம்.

வெண்ணெய் கடைந்து காட்டுவதானால் பாக்கெட் பால் உதவாது, கொழுப்பை உடைத்துக் கலந்திருப்பார்கள். கறந்த எருமைப் பால் இரண்டு லிட்டர், உறைமோர் ஊற்றிக் கம்பளி சுற்றி வைத்தாலும் நம் குளிரில் உறைய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கீழ்நாட்டில் கடையும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவார்கள், இங்கே தலைகீழ். தயிர் 15 முதல் 18 டிகிரிக்குள் இருந்தால்தான் வெண்ணெய் திரளும். அரை மணி நேரம் கடைந்தும் பொடிப்பொடியாகவே நின்றால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள், கூடிவரும்.

கோத்தகிரி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, பாட்டி தாத்தாக்களிடம் பிள்ளைகள் விசாரித்து வர வேண்டும் என்று நினைக்கிறேன். 'அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டால் 'எல்லாம் சத்தானது' என்றுதான் பதில் வருகிறது. இரண்டு, ஆறு வகுப்புக்கு இவ்வளவும் அடங்காது, எதை விடலாம்?

பழைய ஏடு, குன்னூர்:

கேள்வியைப் பொருளோடும் நாளோடும் கட்டுங்கள் டீச்சர். 'உங்கள் கல்யாணப் பந்தியில் என்ன சோறு? அரிசி எங்கிருந்து வந்தது?', 'சாமை கடைசியாக எந்தக் காட்டில் போட்டீர்கள், இப்போது அங்கே என்ன இருக்கிறது?', 'வீட்டு உரல் எப்போது வெளியே போயிற்று?' வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவு வராது. '1978 மண்சரிவுக்கு முன்னாலா, பின்னாலா?' என்று கேட்டால் டக்கென்று வரும். ஒரு பிள்ளைக்கு மூன்று கேள்விக்கு மேல் கொடுக்காதீர்கள். பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வரச் சொல்லுங்கள்.

விடுவதானால் பண்டமாற்றை விடுங்கள். 40 நிமிடத்தில் அதை நேர்மையாகச் செய்வது கஷ்டம். வரிசை: அவரை, சாமை, உருளை, அரிசி, தேயிலை, கடைசியாக ரொட்டியும் விசாரிப்பும். சுன்யோவை முதல் வகுப்பன்றே ஃப்ரீசரில் போட்டால்தான் மூன்றாவது வகுப்புக்குக் காய்ந்து வரும். வர்க்கி செய்யலாமா என்று யாராவது தூண்டினால் மறுத்துவிடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்தான், ஆனால் விறகு அடுப்பு இல்லாமல் அது வராது.

பூம்பாறை:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு வரி. முதல் சட்டிக்கு வெள்ளைப்பூண்டு சேர்க்கலாம், அது பழையது. எங்கள் மலைப்பூண்டு கிடைத்தால் பாதி அளவு போடுங்கள், காரம் தூக்கலாக இருக்கும்.

சாமைக்காடு:

அடுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமையல் குறிப்புகளில் வரும் நேரமெல்லாம் கீழ்நாட்டுக் கணக்கு. அவரையையும் பருப்பையும் திறந்த சட்டியில் வேகவைக்க முயலாதீர்கள், இரண்டு மணி நேர வகுப்பு அதிலேயே போய்விடும். குக்கர் ஒன்றுதான் என்பதால் அவரையைக் காலை எட்டு மணிக்கே வேகவைத்து எடுத்துவிடுங்கள். இரண்டு இண்டக்‌ஷனையும் ஒரே ப்ளக் பாயின்ட்டில் மல்டி பின் போட்டுச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். தனித்தனி 15 ஆம்பியர் சாக்கெட் இருக்கும் அறை எது என்று முன்னமே பார்த்துவையுங்கள்.